400 வெள்ளிக்கு எந்த ஆப்டிமஸ்?

போன தீபாவளிக்கு முந்தின வாரம், இரவு பதினொன்றரை மணிக்குச் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினான். சிங்கப்பூர் சாங்கியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன், அவனுக்கு அதுதான் ஓய்வு நேரம். ஐந்திலும் ரோபோவாகவும் லாரியாகவும் உருமாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை, ஆப்டிமஸ் பிரைம்: சிவப்பு நெஞ்சு, நீலக் கால், முகத்தை மறைக்கும் வெள்ளித் தகடு. கீழே ஒரே வரி: "அண்ணே, 400 வெள்ளி இருக்கு. இதுல எதை வாங்கட்டும்?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி. கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு தட்டுதான் கிடைக்குமாம், அதற்கு மேல் மனைவி தரமாட்டாளாம். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை வேறு. இந்த இரண்டு விஷயமும் படங்களைவிட முக்கியம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை என்பது வேறு கதை. "நாளைக்குச் சொல்றேன்" என்று படுத்துவிட்டேன். நாளைக்கு என்றது மூன்று வாரம் ஆனது.

முதலில் அவனிடம் திருப்பிக் கேட்டது: எந்த ஆப்டிமஸ் பிரைம்? தட்டை மூக்கா, நீள மூக்கா? 1984-இல் வந்த பொம்மையிலும் கார்ட்டூனிலும் அவர் தட்டையான முன்பக்கம் கொண்ட லாரி. 2007 திரைப்படத்தில் நீள மூக்கு பீட்டர்பில்ட் லாரி, நீல உடம்பில் சிவப்புத் தீக்கொழுந்து. 2011 டிசம்பரில் செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரி திறந்தபோது அவன் பள்ளிச் சிறுவன். அந்த வரிசையில் நின்ற தலைமுறைக்குப் பெரும்பாலும் நீள மூக்குதான் மனத்தில் இருக்கும். இவன் விதிவிலக்கு. பழைய கார்ட்டூனை அப்பாவோடு உட்கார்ந்து வீடியோ கேசட்டில் பார்த்தவன். "தட்டை மூக்குதான் அண்ணே, அது என்ன கேள்வி" என்றான். நல்லதாகப் போயிற்று. திரைப்பட வடிவம் கணினியில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறி ஒன்றுசேர்வது. பிளாஸ்டிக்கில் அதைச் செய்ய முடியாமல் ஒவ்வொரு பொம்மையும் எங்கேயாவது ஏமாற்றியே ஆக வேண்டும். தட்டை மூக்கு அப்படியில்லை. மார்பிலிருக்கும் இரண்டு ஜன்னலும் லாரியின் முன்கண்ணாடி, கால் இரண்டும் சேர்ந்தால் லாரியின் பின்பகுதி. நாலு வயதுக் குழந்தைக்குக்கூட எது எதுவாக மாறுகிறது என்று புரியும்.

நாற்பது வருடமாக இதே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்து விற்க முடிவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒப்பிடுவதற்கும் ஆப்டிமஸ் வசதி. ஒரே ஆள், ஒரே லாரி. செய்கிறவனின் கணக்கு மட்டும் மாறுகிறது.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எப்படி நிற்கிறது, எத்தனை மூட்டு இருக்கிறது, கார்ட்டூனை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கி ஒரு வருடம் கழித்தும் கை தானாக அதை எடுக்கிறதா, தொலைபேசியில் யாரோடாவது பேசிக்கொண்டே மாற்ற முடிகிறதா என்பதற்குத்தான் அதிக மதிப்பெண். உருமாறும் பொம்மை என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, எது உடையுமோ என்று பயந்து ஒரே கோலத்தில் நிறுத்தி வைப்பதானால் அதைவிட விலை குறைந்த சிலைகள் கடையில் நிறைய இருக்கின்றன.

அவன் அனுப்பிய முதல் படம் அசல் 1984 பொம்மை. பெட்டியோடு, டிரெய்லரோடு, ஒரு கையின் முஷ்டி மட்டும் காணோம். அந்த முஷ்டிகள் தனியாகக் கழன்று வரும், அதனால் முழுதாகக் கிடைப்பது அரிது. இந்தப் பொம்மையின் பூர்வீகம் ஜப்பான். தக்காரா நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயக்ளோன் வரிசையில் 1983-இல் பேட்டில் கான்வாய் என்ற பெயரில் வந்தது. அதற்கு அப்போது சொந்தப் புத்தியும் கிடையாது, குரலும் கிடையாது. காலடியில் காந்தம் வைத்த குட்டி ஓட்டுநர்கள் ஏறி இயக்கும் வெறும் இயந்திரம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இதையும், மைக்ரோ சேஞ்ச் வரிசையில் இருந்த துப்பாக்கி, கேசட் பொம்மைகளையும் சேர்த்து வாங்கி, பெயரும் குணமும் கதையும் கொடுத்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று இறக்கியது. (அந்தத் துப்பாக்கிதான் ஆப்டிமஸின் எதிரி மெகட்ரான். துப்பாக்கி விஷயத்தில் கண்டிப்பான ஊரில் இருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து மெகட்ரான் வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டவும்.)

அசலைக் கையில் எடுத்தால் ஓர் எடை இருக்கும். உலோக வார்ப்பு, குரோம் பூச்சு. ஆனால் நம் ஊர்க் காற்று அதற்குச் சத்துரு. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வீவக (வீட்டு வசதி வாரிய) வீட்டில் எல்லாரும் செய்வதுபோல நானும் பாம் ஷெல்டரைச் சாமான் அறையாக்கி, அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் பின்னால் மூன்று பழைய பெட்டிகளை வைத்திருந்தேன். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. இரண்டு வருடம் திறக்கவே இல்லை. திறந்தபோது ஸ்டிக்கர்களின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டு நின்றது. செய்முறைத் தாளில் தேமல் விழுந்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். ஒரு காரின் ரப்பர் டயர், தான் அழுத்திக்கொண்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக்கில் தன் வட்டத்தை அப்படியே உருக்கிப் பதித்திருந்தது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்குவதால் வருவது இது. உள்ளே இருந்த திருகாணிகளில் துரு. யாரையும் குறை சொல்ல முடியாது.

வெயில் பட்டாலும் ஆகாது. வெள்ளை, வெளிர்நீல ஏபிஎஸ் பிளாஸ்டிக் புற ஊதாக்கதிரில் மஞ்சளாகும். மேற்கு வெயில் விழும் அறையில் வைக்கவே கூடாது. அந்தக் காலத்துப் பொம்மைகளில் இன்னொரு வியாதியும் உண்டு. பொன்னிறத் துகள் சுழல்சுழலாகக் கலந்த பிளாஸ்டிக் வயதானால் பிஸ்கட்டாகிவிடும், தொட்டால் பொடியும். 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த சிலவற்றுக்கு இது உண்டு. ஆப்டிமஸுக்கு இல்லை, ஆனாலும் பழைய பொம்மைப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மாற்றுவது எப்படி? அரை நிமிட வேலை. தலையை மடக்கு, கையைச் சேர், காலைப் பின்னால் சாய், முடிந்தது. ரோபோவாக நின்றால் செங்கல் மாதிரி நிற்கும். முழங்கால் மடங்காது, இடுப்பு திரும்பாது. எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை. ஆனால் 400 வெள்ளிக்கு ஒரு முஷ்டி இல்லாத ஒன்றை, குழந்தை இருக்கும் வீட்டுக்கு, ஒரே பொம்மையாக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இருக்கும் இன்னொரு முஷ்டியும் விரல்நுனி அளவுதான். குழந்தை வாயில் போடும். இல்லாவிட்டால் சோபாவுக்கு அடியில் போகும்.

இரண்டாவது படம் இதற்கே மருந்துபோல வந்தது. தக்காரா டோமி (இரண்டு நிறுவனங்களும் 2006-இல் இணைந்தன) நாற்பதாம் ஆண்டை ஒட்டி 2024-இல் மிஸ்ஸிங் லிங்க் என்ற வரிசையைத் தொடங்கியது. 1984 பொம்மையின் தோற்றம் அப்படியே இருக்கும், ஆனால் முழங்கை, முழங்கால், இடுப்பு என்று எல்லா இடத்திலும் மூட்டு ஒளிந்திருக்கும். சி-01 டிரெய்லரோடு வரும். சி-02 கார்ட்டூன் நிறத்தில், டிரெய்லர் இல்லாமல் வரும். சிறுவயதில் ஆப்டிமஸைக் கையில் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் எப்படியெல்லாம் ஓடவிட்டோமோ, அப்படி இப்போது உண்மையிலேயே முழங்காலிட வைக்கலாம். நண்பர் ஒருவரின் வீட்டில் இதை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு எளிமையான பொருளுக்குள் இவ்வளவு இடம் இருந்திருக்கிறது!

குறை என்று சொன்னால், இது ஏக்கத்தை நம்பி விற்கும் பொருள். 1984 பொம்மையை ஒருமுறையாவது தொட்டவனுக்குத்தான் முழு ருசி. தொடாதவன் பார்த்தால் "விலை அதிகம், பழைய மாடல்" என்பான். இங்கே தம்பியிடம் சொன்ன விலை 200 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே.

மூன்றாவது, பொம்மைக் கடையில் எல்லாரும் வாங்கும் ஹாஸ்ப்ரோவின் வழக்கமான வரிசை. இதில் அளவுக்கு ஒரு பெயர் உண்டு. சின்னது கோர், அப்புறம் டீலக்ஸ், வாயேஜர், லீடர், கமாண்டர், கடைசியில் அரை ஆள் உயரத்துக்கு ஆசைப்படும் டைட்டன். அவன் கேட்டது 2020-இல் எர்த்ரைஸ் வரிசையில் வந்த லீடர் அளவு ஆப்டிமஸ், டிரெய்லரோடு. அப்போது நான் 90 வெள்ளிக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். இப்போது கடையில் இல்லை, செகண்ட் ஹேண்டாகத்தான் கிடைக்கிறது. இதற்கு முந்தைய வருடம் வந்த சீஜ் வரிசையிலும் ஒரு நல்ல ஆப்டிமஸ் உண்டு. போரில் அடிபட்டதுபோல உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் தெளித்திருப்பார்கள். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பக்கத்தில் நின்றவர் மாதிரி தோன்றும்.

எர்த்ரைஸ் பொம்மையில் பளபளப்பு எதுவும் இல்லை. பிளாஸ்டிக் இலேசு. சாயத்தைச் சிக்கனமாகப் பூசியிருக்கிறார்கள். ஆனால் நான்கு வருடத்துக்கும் மேலாக என் அலுவலக மேசையில் இருக்கிறது. மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு எத்தனை நூறு முறை மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. பார்க்காமலே விரல்கள் மாற்றும். இரண்டு கால்களும் ஒட்டும்போது வரும் "டக்" சத்தத்தைக் கேட்டு, பக்கத்து மேசைக்காரர் "மீட்டிங் முடிஞ்சிருச்சா?" என்பார். உடம்பெல்லாம் 5 மில்லிமீட்டர் துளைகள். இந்த வரிசையின் எந்தப் பொம்மையின் ஆயுதத்தையும் எதில் வேண்டுமானாலும் செருகலாம். கீழே இரண்டு முறை விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. சாதாரண வரிசையை ஏளனமாகப் பார்க்கும் சேகரிப்பாளர்கள் பலரைத் தெரியும். அவர்களுடைய விலையுயர்ந்த பொம்மைகள் எத்தனை முறை லாரியாகியிருக்கின்றன என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

அப்புறம் மாஸ்டர்பீஸ், சேகரிப்பாளர்களுக்கென்றே தக்காரா செய்யும் விலையுயர்ந்த வரிசை. தம்பியின் கண் இதில்தான் இருந்தது, எனக்குத் தெரியும். நாலாவது படத்தை மட்டும் மூன்று கோணத்தில் எடுத்து ஒன்றாக ஒட்டி அனுப்பியிருந்தான்.

இந்த வரிசையின் வரலாறே ஆப்டிமஸின் வரலாறுதான். முதல் பொம்மை எம்பி-1 (எம்பி என்றால் மாஸ்டர்பீஸ்) வந்தது 2003-இல், இருபதாம் ஆண்டை ஒட்டி. பெரிய உருவம், ஏகப்பட்ட உலோகம். தூக்கினால் அம்மிக் குழவியைத் தூக்கியதுபோல இருக்கும். அதையே ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் விற்றபோது குழந்தைகள் பாதுகாப்புக்காகப் புகைக்குழாய்களைக் குட்டையாக்கிவிட்டது. ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா என்று இன்றைக்கும் குழாயைப் பார்த்தே சொல்லலாம். 2011-இல் வந்த எம்பி-10 அதைவிடச் சிறியது. அது நிர்ணயித்த அளவை ஒட்டித்தான் பிறகு வந்த மாஸ்டர்பீஸ் கார்கள் செய்யப்பட்டன. 2019-இல் வந்த எம்பி-44, கார்ட்டூனில் வரைந்த கோடு அப்படியே எழுந்து நிற்கிறதோ என்று தோன்ற வைப்பது.

எம்பி-44 என்னிடம் இல்லை. நண்பர் ஒருவர் இரண்டு வாரம் இரவல் கொடுத்தார். ரோபோவாக அலமாரியில் நிறுத்தினால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கார்ட்டூன் ரோபோவின் கால் மழமழவென்று இருக்கும், அதில் சக்கரமோ மடிப்போ தெரியாது. பொம்மையிலும் அப்படி இருக்க வேண்டுமானால் லாரியின் பாகங்களை எல்லாம் சின்னச்சின்னத் தகடுகளாக மடித்து உள்ளே ஒளிக்க வேண்டும். மாற்ற உட்கார்ந்தால் அந்தத் தகடுகள் ஒவ்வொன்றையும் வரிசை தவறாமல் வெளியே எடுத்து, சரியாக ஒட்டி, ஒன்று பிசகினால் முதலிலிருந்து. முதல் தடவை யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்கு அரை மணிக்கு மேல் ஆனது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. இரண்டு வாரத்தில் மூன்று முறை மாற்றினேன். மூன்றாவது முறை, அவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கின கோலத்தில் இருக்க வேண்டுமே என்பதற்காக.

எம்பி-10 அப்படி இல்லை. பழைய பொம்மையின் தர்க்கத்தையே வைத்துக்கொண்டு நல்ல மூட்டுகளையும், கையில் நிற்கும் எடையையும் கொடுத்தார்கள். ராட்செட் மூட்டுகள் பல் பல்லாக நகரும் சத்தம் பழைய ரேடியோவில் நிலையம் மாற்றுவதுபோல. ஐந்து நிமிடத்தில் லாரி. எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த வாரிசைவிட இதுவே நல்ல பொம்மை என்பது என் கட்சி. எம்பி-44 நல்ல சிலை. இதைச் சொன்னதற்காக ஒரு தேநீர்க் கடையில் என்னோடு ஒருவர் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர் வாங்குவது கண்ணுக்கு, நான் வாங்குவது கைக்கு.

எம்பி-10-இல் ஓர் ஆபத்து உண்டு. அது புகழ் பெற்றதாலேயே போலிகள் ஏராளம். சரியான அளவில் போலி, பெரிதாக்கிய போலி, பெயர் மட்டும் மாற்றிய போலி. சில போலிகள் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அசல் விலையில் போலியை வாங்குவதுதான் வயிற்றெரிச்சல். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் நிறுவனப் பெயரையும் உரிமை வரியையும் தேடுங்கள். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை அழித்துவிடுவார்கள்.

ஐந்தாவது படம், உரிமம் இல்லாத நிறுவனங்களின் வகை. சேகரிப்பாளர்கள் "தேர்ட் பார்ட்டி" என்பார்கள். போலியிலிருந்து இது வேறு. சொந்தமாக வடிவமைக்கிறார்கள், ஆனால் கதாபாத்திரம் இன்னொருவருடையது என்பதால் பெட்டியில் வேறு பெயர் இருக்கும், சின்னம் இருக்காது. ஹாஸ்ப்ரோ கண்டுகொள்ளாத பாத்திரங்கள் வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டியிருந்தது. ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்து ஒரு ராட்சதனாகும் டெவஸ்டேட்டரை ஹாஸ்ப்ரோ பெரிய அளவில் செய்தது 2015-இல்தான். அதற்குச் சில வருடம் முன்பே இவர்கள் செய்துவிட்டார்கள். ஆனால் ஆப்டிமஸ்? அசல் நிறுவனமே இத்தனை விதமாகச் செய்துவைத்திருக்கும்போது இங்கே போவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை இப்படி ஒரு பொம்மைக்கு 50 வெள்ளி முன்பணம் கட்டினேன். "அடுத்த காலாண்டு" என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. ஒருநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கடை இருந்த இடத்தில் நகம் அழகுபடுத்தும் நிலையம். பணம் வரவில்லை. அதற்குப் பிறகு கையில் பொருள் வந்தால்தான் காசு.

மாறாத ரோபோக்களும், துண்டு துண்டாக ஒட்டிக் கட்டும் மாடல்களும் இப்போது மலிவாக, மிக அழகாக வருகின்றன. எடுத்துக்காட்டுக்கு த்ரீஸீரோ நிறுவனத்தின் பொம்மைகள். ஆனால் அவை மாறாது, எனவே இந்தக் கட்டுரைக்கு வெளியே. குரல் கொடுத்தால் மோட்டார் வைத்துத் தானே மாறும் ரோபோசென் ஆப்டிமஸ் 2021-இல் வந்தபோது 699 அமெரிக்க வெள்ளி. நம் பட்ஜெட்டுக்கும் வெளியே. அதோடு மாற்றுகிற சுகத்தையும் இயந்திரமே எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன வேலை?

காசுக் கணக்குக்கு வருவோம். பொம்மைகளுக்கு இங்கே சுங்க வரி இல்லை. பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் அது இறக்குமதியின்போதே விழும். அந்த மதிப்பில் அனுப்புசெலவும் காப்புறுதியும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 380 வெள்ளிப் பொம்மை, 35 வெள்ளி அனுப்புசெலவு என்றால் நீங்கள் கோட்டைத் தாண்டியாயிற்று. 400-க்கு உட்பட்டதும் தப்பாது. 2023 முதல், விற்கும் வெளிநாட்டுத் தளம் இங்கே பதிவு பெற்றிருந்தால் வாங்கும்போதே சேர்த்துக்கொள்வார்கள். தம்பி ஜப்பானிலிருந்து எம்பி-44 வரவழைக்கக் கணக்குப் போட்டிருந்தான். நான் இதையெல்லாம் கூட்டிச் சொன்னதும் நீண்ட நேரம் நீல டிக் மட்டும்தான் வந்தது.

அதனால் உள்ளூரில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதே மேல். கரோசல் போன்ற செயலியில் பேசி, எம்ஆர்டி நிலையத்தில் பயணச்சீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் விற்கிறவர், இந்தப் பக்கம் நான். பையை வாங்கிப் பணத்தைப் பேநவ்வில் அனுப்பிவிட்டு ஓடிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் போதும். லாரியாக இருந்தால் ரோபோவாக்குங்கள். இடுப்பைப் பிடித்துத் தூக்கி இலேசாகக் குலுக்குங்கள். கால் தொங்கினால் மூட்டு தளர்ந்திருக்கிறது. தளர்வு பெரிய குற்றமில்லை. பந்து மூட்டைக் கழற்றி நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பூச்சு பூசி, முழுக்கக் காயவிட்டு மாட்டினால் இறுகிவிடும். (ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொள்ளும். அனுபவம்.) எதற்குப் பயப்பட வேண்டுமென்றால், மூட்டைச் சுற்றி மயிரிழை போல வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்பதற்கு. அது பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் விரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈசூன் நிலையத்தில் ஒருவரிடம் ஒரு மாஸ்டர்பீஸ் காரை அவசரத்தில் பார்க்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்து கையைத் திருப்பியதும் தோள் கையோடு வந்துவிட்டது. அவர் கணக்கு அடுத்த நாள் காணாமல் போயிற்று.

பெட்டி வைத்திருந்தால் விலை நிற்கும் என்பார்கள். உண்மைதான், அதே பொம்மையை நிறுவனம் மறுபடி வெளியிடும்வரை. மறுபதிப்பு வந்த மாதமே செகண்ட் ஹேண்ட் விலை சரியும். லாபம் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன.

இப்படியெல்லாம் எழுதி, முடிவில் "எம்பி-10, மறுபதிப்பாகப் பார்த்து வாங்கு, மீதிக்கு நல்ல கண்ணாடி அலமாரியும் சிலிக்கா ஜெல்லும்" என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வரவேற்பறைத் தரையில் மூன்றையும் வைத்தேன். என் எம்பி-10, நண்பரிடம் கேட்டு வாங்கிய மிஸ்ஸிங் லிங்க், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த எர்த்ரைஸ். தம்பி எம்பி-10-ஐ எடுத்தான். நான் எதிர்பார்த்தபடியே கண் விரிந்தது. ராட்செட்டை ஒவ்வொரு பல்லாக நகர்த்திக் கேட்டான். அதே நேரம் அவன் மகள் எர்த்ரைஸ் லாரியை டிரெய்லரோடு பிடித்துத் தரை ஓடு முழுக்க ஓட்டிக்கொண்டு போனாள். ரோபோவாக்கிக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தாள். "பெரியப்பா, லாரி ஆக்குங்க" என்றாள். ஆக்கினேன். மறுபடி ரோபோ ஆக்கச் சொன்னாள், மறுபடி லாரி. ஏழெட்டு முறை போனது. ஒன்பதாவது முறை பொம்மையை என் கையிலிருந்து பிடுங்கி, கால் இரண்டையும் தானே சேர்த்து அழுத்தினாள். "டக்."

பிறகு எம்பி-10 பக்கம் கையை நீட்டினாள். தம்பி தன்னையறியாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். "இது வேணாம்மா, இது அப்பாவோடது" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் இன்னும் அதை வாங்கவே இல்லை.

சாப்பிடும்போது அதைப் பற்றி அவன் பேசவில்லை. கிளம்பும்போது காலணி போட்டுக்கொண்டே, "அண்ணே, அந்த எர்த்ரைஸ் இப்ப என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்றான். பெட்டி இல்லாவிட்டால் 70, 80 என்றேன். "மிச்சம் 300 இருக்கும்ல. அவ கொஞ்சம் பெரிசானதும் எம்பி-10 பார்த்துக்கலாம்" என்றான். அதற்குள் இன்னொரு பதிப்பு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. கண்ணாடி அலமாரியின் தட்டு காலியாக இருக்கிறது. சமையலறைத் தரையில் லாரி நிற்கிறது. டிரெய்லர் கூரை மேல் மூன்று ரம்புத்தான் பழம், உருண்டு விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள்.